பெரிய மைக், சின்ன மைக்

மணி மூன்று பத்து. லேப்டாப் திரையில் பெரிய மைக் வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகிறது. முகம் தெரிகிறது, மூக்குக் கண்ணாடி தெரிகிறது, பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதுகூடத் தெரிகிறது. சத்தம் மட்டும் வரவில்லை.

"ஹலோ. கேக்குதா?" என்றார் சின்ன மைக். இது பதினோராவது தடவை.

பெரிய மைக் திரைக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் உறைந்துபோய்விட்டதோ என்று சின்ன மைக் சந்தேகப்பட்ட நேரத்தில் ஒரு காப்பிக் கோப்பை மெதுவாக மேலே வந்து, உதட்டைத் தொட்டு, கீழே போனது. அது மேசையில் இறங்கியபோது 'டொக்' என்று ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. தன் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்தான் வயதான காலத்தில் முனகுகிறது என்று சின்ன மைக் முடிவு கட்டினார்.

இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவருக்கு அறுபத்தெட்டு, இளையவருக்கு அறுபத்து மூன்று. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து மைக் செட் கடை வைத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒரு சைக்கிளிலும் குழாய் ஸ்பீக்கர் இன்னொரு சைக்கிளிலும் ஏறிப் போகாத பள்ளிக்கூட மைதானம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர்கள் பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோயின. ஊருக்கு அவர்கள் பெரிய மைக், சின்ன மைக்.

அப்படி ஊருக்கே குரல் கொடுத்த இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆளுக்கொரு ஊரில் குடியேறினார்கள். மனைவிமார் இருவரும் மட்டும் வாரம் தவறாமல் போனில் பேசினார்கள். பேசிப் பேசி, இரண்டு கல்லையும் கரைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று ஒரு நேரம் குறித்தார்கள். அந்தப் பக்கம் அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்து, பெரிய மைக்கை அதன் முன்னால் உட்கார வைத்து, இருவரும் மனம் விட்டுப் பேசட்டும் என்று தன் போனை அணைத்து எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டார். பெரிய மைக்கோ கைப்பேசி வைத்துக்கொள்ளாதவர். குரல் என்றால் குழாயில் வர வேண்டும், சட்டைப்பையில் வரக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஆகவே இருப்பது இந்த ஒரு வழி. இது தப்பினால் அடுத்த சமாதானத்துக்கு இன்னொரு பன்னிரண்டு வருடம் ஆகலாம். அதற்குள் இரண்டு பேருக்கும் காதே இருக்காது.

"பேச ஆரம்பிச்சாச்சா?" என்று கூடத்திலிருந்து மனைவி கேட்டார். அவர் வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அங்கே கூட்டம்.

"சத்தம் வரல."

"உங்க அண்ணன் பக்கம் ஏதாவது கோளாறா இருக்கும்."

"அந்த மனுஷன் உக்கார்ற எடத்துல சவுண்டு கோளாறு வந்ததா சரித்திரமே இல்ல. இது என் பக்கம்தான்."

சண்டைக்காரரைப் பற்றிச் சொன்ன வார்த்தை என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தொழில் விஷயத்தில் சின்ன மைக் பொய் சொல்லமாட்டார்.

சந்தேகம் தன் பக்கம் திரும்ப வேறொரு காரணமும் இருந்தது. கடை மூடிய பிறகு அவர் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலைக்குப் போனார். அங்கே லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பழகினார். பழகியது ஒட்டிக்கொண்டது. மகள் வாங்கிக் கொடுத்த இந்த லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்ததையெல்லாம் முதல் நாளே துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். லினக்ஸ் சும்மா கிடைக்கும், ஆனால் சும்மா இருக்க விடாது. அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. கையில் சால்டரிங் அயர்ன் இல்லாத குறையை அது தீர்த்து வைத்தது.

முதலில் சவுண்டு அமைப்பைத் திறந்தார். சத்தம் வெளியே போக மூன்று வழிகள் வரிசையாக இருந்தன. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர், கூடத்து டிவிக்குச் சுவரில் துளை போட்டு இழுத்திருந்த கேபிள், ப்ளூடூத் ஹெட்செட். சோதனைப் பொத்தானை அழுத்தினார். ஒரு பெண் குரல் லேப்டாப்பிலிருந்து "ஃப்ரண்ட் லெஃப்ட்" என்றது. பிறகு "ஃப்ரண்ட் ரைட்" என்றது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

"கேக்குதா?" என்று திரையைக் கேட்டார். திரை பதில் சொல்லவில்லை.

அப்படியானால் வீடியோ அழைப்புக்கான செயலி வேறு வழியைப் பிடித்திருக்க வேண்டும். ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு செயலியையும் அதற்கே மாற்றினார். மறுபடி சோதனை. இந்தத் தடவை அதே பெண் குரல் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது. ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்து இயக்கினால் சத்தத்தின் தரம் பாதியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் அந்தத் தகரக் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம், அவர்களுடைய முதல் மைக் இப்படித்தான் பேசும். பழைய சாமான் கடையில் பெரிய மைக் கண்டெடுத்தது. ஈரப்பதம் ஏறினால் கரகரக்கும். பெரிய மைக் அதைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துச் சூடாக்குவார். சூடேறியதும் வெளியே எடுத்து, கைக்குட்டையைச் சுற்றி, "ஹலோ" என்பார். அந்த ஒரு ஹலோவுக்கு மைதானத்தில் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன மைக்குக்கு அப்போது பதினேழு வயது. உலகத்திலேயே பெரிய அதிகாரி தன் கூடப் பிறந்தவர்தான் என்று நினைத்திருந்தார்.

ஹெட்செட்டிலும் பெரிய மைக்கின் குரல் வரவில்லை.

சின்ன மைக் ஒரு வெள்ளைத் தாளில் 'சத்தம் வரவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி கேமராவுக்கு நேரே பிடித்தார். பெரிய மைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்து மெதுவாகத் தலையாட்டினார். அவருக்கும் வரவில்லை போலிருக்கிறது என்று சின்ன மைக் புரிந்துகொண்டார். ஆக, போகவும் இல்லை, வரவும் இல்லை. இது பெரிய வேலை.

கறுப்புத் திரையைத் திறந்தார். அதில்தான் லினக்ஸ்காரர்கள் நேரடியாகக் கட்டளை தட்டுவார்கள். பார்த்தால், உள்ளே சத்தத்தைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள். பழைய நிர்வாகி பல்ஸ்ஆடியோ, புதிய நிர்வாகி பைப்வயர். புதியவர் வந்ததும் பழையவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரே ஸ்பீக்கரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரே உறையில ரெண்டு கத்தி," என்று முணுமுணுத்தார் சின்ன மைக். "வெளங்குமா?"

பழையவரை வெளியேற்றினார். போகிறவர் சும்மா போகாமல் புதியவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்று வழிகளும் மறைந்து, பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. டம்மி அவுட்புட். உன் பெட்டியில் ஸ்பீக்கர் என்று ஒன்று இருப்பதாகவே எனக்கு நினைவில்லை, ஆனாலும் உன் மனம் கோணக் கூடாதே என்று ஒரு பொம்மையை வைத்திருக்கிறேன் என்பது அதன் பொருள்.

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மனைவி எட்டிப் பார்த்தார். "டம்மின்னா என்னங்க?"

"இருக்கும். ஆனா பேசாது."

மனைவி திரையிலிருந்தவரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போனார்.

பைப்வயரை மறுபடி எழுப்பியதும் மூன்று வழிகளும் திரும்பி வந்தன. சின்ன மைக்குக்குப் போன உயிர் வந்தது. அவசரத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாராமல் சோதனைப் பொத்தானை அழுத்தினார். அறையில் சத்தமே இல்லை. ஒலி அளவை நூறுக்கு ஏற்றி இன்னொரு தடவை அழுத்தினார்.

கூடத்தில் டிவி, "ஃப்ரண்ட் லெஃப்ட்" என்று கட்டடம் அதிரக் கத்தியது.

அங்கே கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்ற வங்கிக்கார அம்மா சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். "ஃப்ரண்ட் ரைட்" என்றது டிவி. அவர் வலப்பக்கம் திரும்பினார். அளவு எடுக்கிற இடத்தில் இப்படியெல்லாம் புதிதாக வசதி செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சின்ன மைக்கின் மனைவி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கணவரின் அறைக்கு வந்தார்.

"நான் வேணும்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"மிஷினை அப்படியே விட்டுட்டு..."

"முப்பது வருஷம் சவுண்டு கட்டினவன்கிட்ட வந்து சொல்றியா?"

அந்த முப்பது வருடம்தான் அவரைப் படுத்தியது. சத்தம் வராத மைக் செட்காரன் என்று பெரிய மைக் நினைத்துவிடுவாரே. போனால் போகிறது, அப்படி நினைத்தால்கூடப் பரவாயில்லை. பேசப் பிடிக்காமல் வேண்டுமென்றே சத்தத்தை அமுக்கிவிட்டான் என்று நினைத்துவிட்டால்?

இனி ஒரே வழி, பழைய வழி. ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினார். துணி சுற்றி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரையும் ஒரு குழாயையும் இறக்கினார். கடை மூடியபோது பாகம் பிரித்ததில் அவருக்கு வந்தவை. மனைவி எத்தனையோ தடவை தூக்கிப் போடச் சொல்லியும் போடவில்லை. ஏன் என்று கேட்டால் தாமிரம் இருக்கிறது என்பார்.

குழாயை அறைக்குள் வைத்தால் காது போய்விடும் என்பதால் பால்கனியில் வைத்தார். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் பெட்டியிலிருந்து சூடான தூசி வாசனை வந்தது. அந்த வாசனையில் அவர் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. எத்தனை மேடைகளுக்கு அடியில் இந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் பெரிய மைக்கும் மறுபக்கம் அவருமாகத் தூங்கியிருக்கிறார்கள். குளிர் நாட்களில் பெட்டியின் சூடு படுகிற பக்கத்தை எப்போதும் அவருக்குத்தான் விட்டுக்கொடுப்பார் பெரிய மைக். அதற்கு ஒரு பொய்க் காரணமும் வைத்திருந்தார், எனக்குப் புழுங்கும் என்பார்.

தன் மைக் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, லேப்டாப்பில் மைக்கை நேராக ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டார். நம் குரல் நமக்கே திரும்பி வருகிற ஏற்பாடு. தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு வருடமாகச் சொல்லாத வார்த்தைகள் தாமாக வந்தன.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ. கேக்குதா?"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்ச் சாரியில் ஒரு நாய் குரைத்தது. இரண்டு மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. மருந்துக் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "நல்லாக் கேக்குதுங்க" என்றார். முக்குக் கடையிலிருந்து இன்னொருவர் எங்களுக்கும் கேக்குது என்றார். கூடத்திலிருந்து வங்கிக்கார அம்மாவும் தன் பங்குக்குக் கேக்குது என்றார்.

திரையில் பெரிய மைக்கின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா, இருமுகிறாரா, தெரியவில்லை. அவர் வீட்டு அறையில் டிவி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார் சின்ன மைக். ஊருக்கெல்லாம் கேட்கிறது, கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லையே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார், ஒயரைப் பிடுங்கினார், ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டார். சத்தம் பழையபடி லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கே போய்ச் சேர்ந்தது.

மணி ஐந்தாகப் போகிறது. வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு மனைவி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சின்ன மைக் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்கு என்னதான் நடந்தது?" என்று மனைவி கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் இருபது தடவை கேட்டிருப்பார். ஒரு தடவைகூட முழுப் பதில் கிடைத்ததில்லை.

இன்றைக்குச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. பேச்சின் நடுவில் சத்தம் நின்றுபோனது. மேடைக்குப் பின்னால் பெரிய மைக், யார் ஒயரை மாற்றிக் குத்தியது என்று கேட்டார். சின்ன மைக், நான் இல்லை என்றார். வார்த்தை தடித்தது. சண்டை போட்டுக்கொண்டே ஒயரையும் சரிசெய்தார்கள், அது அவர்கள் பழக்கம். சத்தம் வந்துவிட்டது. கையிலிருந்த மைக் உயிரோடு இருக்கிறது என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

"எழுநூறு பேர் உக்காந்திருந்தாங்க. அத்தனை பேருக்கும் கேக்க, நீயெல்லாம் ஒரு அண்ணனான்னு கேட்டுட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அந்த மனுஷன் பதிலே சொல்லல. மைக்கை வாங்கி, ஆஃப் பண்ணி, ஸ்டாண்டுல மாட்டிட்டு இறங்கிப் போயிட்டார். போற வழியிலகூட சத்தத்தைப் பாதி கொறைச்சு வச்சுட்டுத்தான் போனார், பின்னாடி வரிசையில சின்னக் குழந்தைங்க இருந்ததால."

மனைவி கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஒயரை மாத்திக் குத்தினது நான்தான்," என்றார் சின்ன மைக். "அன்னைக்கே தெரியும். அதைச் சொல்லணும்னுதான் இன்னைக்கு உக்காந்தேன். முப்பது வருஷம் வெயில்ல நின்னு எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர். எனக்கு முதல் சட்டை தச்சதே அந்த மனுஷன் காசுல. இதெல்லாம் சொல்ல நெனச்சேன். இந்தப் பாழாப்போன மிஷின் விடல."

அவருக்குப் பின்னால், திரையில், பெரிய மைக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அதைச் சின்ன மைக் பார்க்கவில்லை. மனைவி பார்த்தார். பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் தன் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, போகட்டும். இன்னொரு நாள் பாப்போம்," என்று திரும்பிய சின்ன மைக், அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தார். இன்னொரு நாள் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விரல் இறங்க மறுத்தது.

அப்போது திரையில் கதவு திறந்தது. துணிப்பையோடு அண்ணி உள்ளே வந்தார். கணவரின் ஈரமான முகத்தையும், இந்தப் பக்கம் ஒயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த கொழுந்தனாரையும் மாறி மாறிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

லேப்டாப்பிலிருந்து அந்தக் குரல் கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வந்தது. துணிப்பை சரிந்து உள்ளே ஏதோ உருண்ட சத்தம்கூடக் கேட்டது. சின்ன மைக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எதைச் செய்ததால் சரியானது என்று அவசரமாக யோசித்தார். பைப்வயரா, ஒயரைப் பிடுங்கியதா, ஹெட்செட்டைக் கழற்றியதா?

"கேக்குது அண்ணி," என்றார். "இப்பதான் சரியாச்சு. ரெண்டு மணி நேரமா ஒரு சத்தமும் வரல."

அண்ணி குனிந்து கணவரிடம் ஏதோ கேட்டார். பெரிய மைக் அவர் காதருகே ரகசியமாக என்னவோ சொன்னார். சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி நிமிர்ந்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"தம்பி, மூணு மணிக்கு நீங்க சொன்ன முதல் ஹலோவிலேருந்து இவருக்கு எல்லாமே நல்லாத்தான் கேட்டுச்சாம், அந்த மிஷினை விட்டுட்டு ஒரே ஒரு தடவ 'அண்ணா'ன்னு கூப்பிடுங்க, சத்தம் தன்னால வரும்."